படமாக வருகிற பொய்யும், படிக்க மறுக்கிற யந்திரமும்

போன மாதம் இரண்டாம் ஞாயிறு, சங்கக் கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயது இருக்கும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். ஜங்புரா மதராசி கேம்ப் 2025 ஜூன் 1-ஆம் தேதி இடிக்கப்பட்டபோது வீடு இழந்தவர்களில் ஒருவர். இப்போது நரேலாவிலிருந்து விடியுமுன் பஸ் பிடித்து, பழைய வீடுகளுக்கே பாத்திரம் தேய்க்க வருகிறார். கையில் ஒரு போன். போனில் ஒரு படம்.

"அண்ணா, பையனுக்கு ரயில்வேல ஆர்டர் வந்துருக்குது. நெசந்தானான்னு பாத்துச் சொல்லுங்க. நாளைக்குள்ள பணம் கட்டணுமாம்."

வாங்கிப் பார்த்தோம். மேலே மூன்று சிங்கம். பக்கத்தில் ரயில்வே சின்னம். இந்தியிலும் ஆங்கிலத்திலும் தலைப்பு. வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. கீழே பயிற்சிக்கான முன்பணம் 18,500 ரூபாய் என்றும், இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கட்டாவிட்டால் ஆணை ரத்தாகும் என்றும், விஷயத்தை வெளியில் சொல்லக் கூடாது என்றும் எழுதியிருந்தது. பணம் போக வேண்டிய இடம் ஒரு தனி ஆளின் பெயரில் இருந்த யுபிஐ முகவரி. அம்மா காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். காதில் தோடு இருந்தது. மறுநாள் அது இருந்திருக்காது.

நாங்கள் ரயில்வேயில் காகிதம் தள்ளிப் பிழைக்கிறவர்கள். ஒரு நிமிஷத்தில் பொய் என்று சொல்லிவிட்டோம். ரயில்வே வேலைக்கு அறிவிப்பு வரும், தேர்வு நடக்கும், சான்றிதழ் பார்ப்பார்கள், உடல் தகுதி பார்ப்பார்கள், அதற்குப் பிறகுதான் ஆணை. தேர்வு வாரியம் வாங்குகிற தேர்வுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 500 ரூபாய்; முதல் தேர்வை எழுதினால் அதிலும் 400 ரூபாய் திரும்ப வரும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் முதலானோருக்கு 250. எழுதினால் அது முழுவதும் திரும்பும். வங்கிக் கழிவு ஏதாவது பிடிப்பார்கள், அவ்வளவுதான். யாரோ ஒரு தனி ஆளின் கணக்கில் பயிற்சிப் பணம் கட்டு என்று எந்த வாரியமும் கேட்டதில்லை. இந்தப் பையன் தேர்வே எழுதவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "இந்த போனு பாட்டு வெக்கச் சொன்னா வெக்குது, வழி கேட்டா சொல்லுது. இது பொய்யின்னு மட்டும் ஏண்ணா சொல்ல மாட்டேங்குது?"

தோழர்களே, தாய்மார்களே! எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய் கேட்ட இந்தக் கேள்வியை தில்லியில் எந்தப் பெரிய மனிதரும் கேட்டு நாங்கள் காணவில்லை. அதற்குப் பதில் தேடித்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், சொல்ல முடியாதா? முடியும். இதில் யாரும் நம்மை ஏமாற்ற வேண்டாம். படத்தில் இருக்கிற எழுத்தை யந்திரம் படித்தெடுக்கிற வித்தை பழையது. ஓசிஆர் என்கிறார்கள். கோணலாக எடுத்த படத்தை நிமிர்த்தி, கறுப்பையும் வெளுப்பையும் பிரித்து, வரி வரியாக வெட்டி, ஒவ்வோர் எழுத்தும் எது என்று அனுமானிக்கிறது. டெசராக்ட் என்ற மென்பொருளை 1980-களில் ஹியூலெட் பாக்கர்ட் கம்பெனி உருவாக்கி, 2005-ல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. இன்று அது தமிழையும் படிக்கிறது. படித்தெடுத்த வாசகத்தில் பணம் கேட்கிறதா, அவசரப்படுத்துகிறதா, யாரிடமும் சொல்லாதே என்கிறதா, அதில் உள்ள போன் நம்பர் மீது முன்பே புகார் இருக்கிறதா என்று பார்ப்பது செயற்கை அறிவின் வேலை. நாங்கள் அந்த ஆணையில் பார்த்ததும் இதையேதான். எங்களிடம் கூடுதலாக இருந்தது இருபது வருஷ ரயில்வே அனுபவம் மட்டும்.

மோசடிக்காரன் ஏன் படமாக அனுப்புகிறான்? எழுத்தாக அனுப்பினால் சல்லடை பிடித்துவிடும். இதுவும் புதிதல்ல. 2006 வாக்கில் மின்னஞ்சலில் இப்படித்தான் நடந்தது. விளம்பரக் குப்பையை எழுத்தாக அனுப்பினால் தடுத்தார்கள். உடனே அதையே படமாக ஆக்கி அனுப்பினான். தடுக்கிறவர்கள் படத்தையும் படிக்கிற கருவி செய்தார்கள். அவன் எழுத்துக்குப் பின்னால் புள்ளியும் கோடும் தெளித்துக் கலைத்தான். ஆக, படத்துக்குள் பொய் ஒளிகிறது என்பது கம்பெனிகளுக்குத் தெரிந்து இருபது வருஷமாகிறது. தெரிந்து என்ன செய்தார்கள்?

செய்தார்கள். தங்களுக்கு வேண்டியதைச் செய்தார்கள். 2018-ல் பேஸ்புக் கம்பெனி ரொசெட்டா என்ற ஏற்பாட்டை அறிவித்தது. பேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் பொதுவில் போடப்படுகிற படங்களும் வீடியோக் காட்சிகளுமாக நாளொன்றுக்கு நூறு கோடிக்கு மேல் எடுத்து, பல மொழிகளில், அவற்றில் உள்ள எழுத்தைப் படிக்கிறதாம். நூறு கோடி! இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் வீட்டு வாசலில்தான் போலி வேலை விளம்பரமும், போலி பங்குச் சந்தை விளம்பரமும், மந்திரிகள் முகத்தை ஒட்டிய பொய் வீடியோவும் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கின்றன. 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் இந்தக் கம்பெனியின் உள்காகிதங்களைப் பார்த்து ஒரு செய்தி வெளியிட்டது. 2024 வருமானத்தில் சுமார் 10 சதவீதம், அதாவது 1,600 கோடி டாலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடை செய்யப்பட்ட சரக்குகளின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று கம்பெனியே உள்ளுக்குள் கணக்குப் போட்டிருந்ததாம். ஒரு விளம்பரக்காரன் மோசடிக்காரன் என்பது 95 சதவீதம் நிச்சயமானால்தான் விலக்குவார்களாம். அதற்குக் குறைந்த சந்தேகம் என்றால்? கூடுதல் கட்டணம் வாங்கிக்கொண்டு விளம்பரத்தைப் போடுவார்களாம். அந்தக் கணக்கு தோராயமானது, எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டது என்று கம்பெனி பதில் சொல்லியிருக்கிறது. சரி, பாதி என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாதியில் எத்தனை தோடு, எத்தனை தாலிச்சங்கிலி?

ரயிலடியில் சந்தேகப்பட்ட மூட்டைக்கு இரட்டைக் கட்டணம் வாங்கிக்கொண்டு வண்டியில் ஏற்றுகிற பார்சல் கிளார்க்கை என்ன செய்வார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மறுநாள் அவன் வேலையில் இருக்க மாட்டான்.

இன்னொன்று கேளுங்கள். 2025 மார்ச்சில் கூகுள் கம்பெனி தன் மெசேஜஸ் செயலியில் மோசடி கண்டுபிடிக்கிற வசதி கொண்டுவந்தது. கடிதம் போன்போன கம்பெனிக்குப் போகாமல், போனுக்குள்ளேயே வைத்து யந்திரம் பார்த்து எச்சரிக்கும். நல்ல ஏற்பாடு; குறை சொல்ல மாட்டோம். ஆனால் எந்த மொழியில் ஆரம்பித்தார்கள்? ஆங்கிலத்தில். எந்த நாடுகளில்? அமெரிக்கா, பிரிட்டன், கனடா. நமக்கு எப்போதும் கடைசிப் பெட்டிதான், அதுவும் இடம் இருந்தால்.

தமிழ் கஷ்டமான மொழி, எழுத்துகள் அதிகம், அதனால் தாமதமாகிறது என்று சமாதானம் சொல்வார்கள். கஷ்டம் இருப்பது உண்மையே. சங்கத்தில் கம்ப்யூட்டர் படித்த தம்பி ஒருவர் தன் பழைய லேப்டாப்பில் அந்த இலவச மென்பொருளைப் போட்டு, உறுப்பினர்கள் போனில் வந்த படங்களைக் கொடுத்துப் பார்த்தார். அச்சடித்தாற்போல் தெளிவாக இருந்தவற்றைச் சரியாகப் படித்தது. முத்திரை விழுந்த இடம், பத்துப் பேர் மாற்றி மாற்றி அனுப்பி மங்கிப்போன இடம், சாய்வாக எடுத்த படம் என்றால் உளறியது. நம் எழுத்தில் துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுதானே! 'ரூபாய்' என்பதை 'ரூபரய்' என்று படித்துவைத்தது. ரூபாய் என்ற சொல்லைத் தேடுகிற யந்திரம் ரூபரய் என்பதைத் தாண்டிப் போய்விடும்; பொய் தப்பித்துக்கொள்ளும். ஆனால் இது திருத்த முடியாத குறையா? நல்ல தமிழ்ப் படங்களும் மோசமான தமிழ்ப் படங்களுமாக நிறையக் கொடுத்துப் பழக்கினால் யந்திரம் கற்றுக்கொள்ளும். ஒரு பழைய லேப்டாப்பில் ஒரு தம்பி ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் இவ்வளவு தூரம் வந்தார் என்றால், கோடி டாலர் கம்பெனிகளுக்கு என்ன தடை? ஏர்டெல் கம்பெனி 2024 செப்டம்பரில் சந்தேகமான அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் யந்திரத்தை வைத்துக் கண்டுபிடித்து எச்சரிக்கத் தொடங்கியது. 2025-ல் தமிழ் உட்படப் பத்து இந்திய மொழிகளில் எச்சரிக்கை தருவதாக அறிவித்தது. ஆகவே மனம் வைத்தால் தமிழ் வரும். நம் அம்மாவுக்கு வந்ததோ அழைப்பும் அல்ல, குறுஞ்செய்தியும் அல்ல; வாட்ஸப்பில் ஒரு படம். அந்த வாசலில் காவல் இல்லை.

முன்பெல்லாம் நமக்கு ஓர் அடையாளம் இருந்தது. மோசடிக்காரனின் தமிழ் காட்டிக்கொடுத்துவிடும். 'உங்கள் கணக்கு மூடப்பட்டது ஆகும் தயவு செய்து அழுத்தவும்' என்று எழுதுவான், படித்ததும் சிரித்துவிடுவோம். இப்போது அவன் கையிலும் செயற்கை அறிவு இருக்கிறது. நம் மின்வாரியத்துக் குமாஸ்தா எழுதுகிறதைவிட நல்ல தமிழில் எழுதித் தருகிறது. திருடன் கையில் நல்ல தமிழ் யந்திரம், காவல்காரன் கையில் ஆங்கில யந்திரம். இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள்.

இங்கே ஒரு ஆசாமிக்குப் பதில் சொல்லியாக வேண்டும். சில மாதங்களுக்கு முன் ஒரு வங்கிக்காரர் நம் பகுதிக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வந்தார். திரையில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் படம் ஓட்டினார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த நம் பெண்களுக்குப் புரிந்ததெல்லாம் கடைசியில் கொடுத்த பிஸ்கட்டும் டீயும்தான். முடிக்கும்போது சொன்னார்: "படிப்பில்லாதவர்கள் பேராசைப்பட்டால் இப்படித்தான் ஆகும்." நம் சங்கத்திலேயே இரண்டொருவர் அதற்குத் தலையாட்டினார்கள். அதுதான் எங்களுக்கு அதிகம் வலித்தது.

படிப்பில்லாதவர்களா? லூதியானாவின் பெரிய ஜவுளிக் குழுமம் ஒன்றின் தலைவரிடமிருந்து 2024-ல் 7 கோடி ரூபாய் பறித்தார்கள். போலி சிபிஐ, போலிக் கைது வாரண்டு, வீடியோவில் போலி உச்ச நீதிமன்ற விசாரணை வரை நடத்திக் காட்டினார்கள். அவருக்குப் படிப்பில்லையா? பேராசையா? அவரைப் பிடித்தது பயம். 2024 அக்டோபர் 27-ல் பிரதமரே வானொலியில் இந்த 'டிஜிட்டல் கைது' பற்றி எச்சரிக்க வேண்டியிருந்தது. அந்த ஆலை அதிபருக்குப் போலீசார் விரைந்து செயல்பட்டு 5 கோடிக்கு மேல் மீட்டுக் கொடுத்தார்கள். மகிழ்ச்சி, எவர் பணமாக இருந்தாலும் உரியவருக்குத் திரும்ப வேண்டும். 18,500 ரூபாய்க்கு அதே வேகம் கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறோம். உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி இணைய மோசடிகளில் 2023-ல் மக்கள் இழந்தது 7,465 கோடி; 2024-ல் 22,845 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. ஒரே வருஷத்தில் இந்த நாட்டு ஜனங்களின் பேராசை மூன்று மடங்கு ஆகிவிட்டதா, ஐயா?

மகனுக்கு அரசாங்க வேலை வேண்டும் என்று ஒரு தாய் நினைப்பதற்குப் பெயர் பேராசை என்றால், மாதாமாதம் அரசாங்கச் சம்பளம் வாங்குகிற எங்களுக்கும் அந்த வங்கிக்காரருக்கும் என்ன பெயர்?

இனி எங்கள் வெட்கத்தையும் சொல்லிவிடுகிறோம். 2022 டிசம்பரில் தில்லிப் போலீஸ் பதிவு செய்த ஒரு வழக்கு பத்திரிகைகளில் வந்தது. தமிழ்நாட்டு வாலிபர்கள் 28 பேர். டிக்கெட் பரிசோதகர், போக்குவரத்து உதவியாளர், குமாஸ்தா வேலை என்று சொல்லி ஆளுக்கு 2 லட்சம் முதல் 24 லட்சம் வரை வாங்கியிருக்கிறார்கள். மொத்தம் 2 கோடியே 67 லட்சம். வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைகளுக்குப் 'பயிற்சி' என்று என்ன கொடுத்தார்கள் தெரியுமா? புது தில்லி ஸ்டேஷன் பிளாட்பாரங்களில் நின்று, எந்த வண்டி வருகிறது, எந்த வண்டி போகிறது, எத்தனை பெட்டி என்று எண்ண வேண்டும். நாளைக்கு எட்டு மணி நேரம். 2022 ஜூன், ஜூலையில் சுமார் ஒரு மாதம் எண்ணினார்கள். தில்லி வெயிலில், அசல் ஸ்டேஷனில், அசல் வண்டிகளை, பொய் வேலைக்காக எண்ணினார்கள்.

அந்த ஸ்டேஷனில் அன்றாடம் ஏறி இறங்குகிற தமிழ் ஊழியர்கள் நாங்கள் எத்தனை பேர்! நோட்டும் பேனாவுமாகத் தமிழ் முகங்கள் பிளாட்பாரத்தில் ஒரு மாதம் நின்றன. "தம்பி, எந்த ஊரு? இங்க என்ன பண்றே?" என்று நம்மில் ஒருத்தர் கேட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் கதை வெளியே வந்திருக்கும். கேட்கவில்லை. எட்டு மணி வண்டியைப் பிடிக்கிற அவசரத்தில் அவர்கள் தோளை இடித்துக்கொண்டு போயிருப்போம். யந்திரத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் இதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த காகிதங்களை ஒரு யந்திரம் படித்திருந்தால் சந்தேகம் எழுப்பியிருக்கலாம். மோசடிக்காரன் ஆளைக் கையோடு அழைத்துப் போய் அசல் பிளாட்பாரத்தில் நிறுத்திவிட்டால், எந்த ஓசிஆரும் அதைப் படிக்காது.

ஆகவே யந்திரம் வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று துள்ளுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அம்மாவின் படத்தைப் பேர்போன செயற்கை அறிவுச் செயலி ஒன்றிடம் காட்டி, இது நிஜமா என்று கேட்டோம். முறையான அரசுக் கடிதம் போலத் தெரிகிறது, சின்னமும் முத்திரையும் உள்ளன என்றது. தனி ஆள் கணக்கில் பணம் கேட்கிறார்களே என்றோம். மன்னிக்கவும், இது மோசடியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்றது. எங்கள் ஆபீசில் பழைய ஹெட் கிளார்க் ஒருவர் இப்படித்தான். கடைசியாகப் பேசியவர் பக்கம் சாய்வார். யந்திரம் எழுத்தைப் படிக்கும். அந்த எழுத்து மெய்யா என்று தெரிய அதற்கு வெளியிலிருந்து ஒரு சாட்சி வேண்டும்: தேர்வு வாரியத்தின் அசல் பட்டியல், வங்கியின் அசல் நம்பர், புகார் வந்த நம்பர்களின் கணக்கு. அந்தப் பட்டியல்களெல்லாம் அரசாங்கத்திடமும் வங்கிகளிடமும் இருக்கின்றன. யந்திரத்தோடு அவற்றை இணைத்துக் கொடுக்காமல் வெறும் செயலியை மட்டும் கையில் கொடுத்தால், குருடனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த கதைதான்.

யந்திரத்தின் மறுமுனையும் நம் பக்கம்தான் திரும்பியிருக்கிறது. மோசடிப் பணம் போய்ச் சேருகிற வாடகைக் கணக்குகளைக் கண்டுபிடிக்க, ரிசர்வ் வங்கியின் பெங்களூர் புத்தாக்க மையம் மியூல்ஹன்டர் என்ற செயற்கை அறிவுக் கருவியைச் செய்திருப்பதாக 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். வேண்டிய கருவிதான். ஆனால் வாடகைக்குக் கணக்கு கொடுக்கிறவன் யார்? சில ஆயிரம் ரூபாய்க்கு ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்துவிடுகிற நம் வேலையில்லாத பையன்தான். யந்திரம் அவனைப் பிடிக்கும். அவன் கணக்கு வழியாகக் கோடிகளை ஓட்டியவன் எங்கோ ஏசி அறையில் இருப்பான். தாய்மார்களே, உங்கள் பிள்ளை கணக்கை யாராவது வாடகைக்குக் கேட்டால் விரட்டியடியுங்கள். ஜெயிலுக்குப் போகிறவன் அவன்தான்.

குற்றமே செய்யாதவனும் மாட்டுகிறான். கரோல் பாக் பக்கம் தள்ளுவண்டியில் இட்லி விற்கிற நம் உறுப்பினர் ஒருவரின் கணக்கு திடீரென்று முடக்கப்பட்டது. காரணம் கேட்டு வங்கிக்கு நாலு தடவை அலைந்தார். கடைசியில், யாரோ ஒருத்தன் இரண்டு பிளேட் இட்லிக்குப் போட்ட பணம் எங்கேயோ நடந்த மோசடியிலிருந்து கைமாறி வந்ததாம். அதற்கு அவர் மொத்த முதலையும் பூட்டினார்கள். இட்லி வாங்குகிறவன் பணம் எந்த வழியாக வந்தது என்று இட்லிக்காரர் எப்படி விசாரிப்பார்? மாவரைக்கக் கடன் வாங்கினார். சந்தேகப்பட யந்திரத்துக்குத் தெரிகிறது, சந்தேகத்துக்குக் காரணம் சொல்ல ஆள் இல்லை.

இதில் இன்னும் கொடுமையான ஒரு பக்கம் உண்டு. 2022-ல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடி பக்கம் கடத்தப்பட்டு, துப்பாக்கி முனையில் மோசடி வேலை செய்ய வைக்கப்பட்டார்கள். அந்த அக்டோபரில் 13 பேர் சென்னை திரும்பினார்கள். 2025 மார்ச்சில் அதே பகுதியிலிருந்து விடுபட்ட 500-க்கு மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவந்தார்கள். அந்த வேலை விளம்பரங்களும் போனில் வந்தவைதான். பொய் விளம்பரத்தைப் படித்துப் போனவனையே உட்காரவைத்து அடுத்தவனுக்குப் பொய் எழுத வைக்கிறார்கள். வேலை தேடி ஊர் விட்டுப் போகிறவன்தான் இதில் இரையும் தூண்டிலும்.

அதனால் நாங்கள் கேட்பது என்ன?

படத்தைப் படித்து எச்சரிக்கிற வசதி தமிழில் வேண்டும். மலிவான போனிலும் ஓட வேண்டும். காசு கேட்கக் கூடாது. படிக்கத் தெரியாதவருக்குக் குரலில் சொல்ல வேண்டும்: "அம்மா, இது தனி ஆள் பெயருக்குப் பணம் கேட்கிறது, ஜாக்கிரதை" என்று. அந்தச் சோதனை நம் போனுக்குள்ளேயே நடக்க வேண்டும். இதை அழுத்திச் சொல்கிறோம். வாட்ஸப் செய்திகள் 2016 முதல் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டும் படிக்கிற பூட்டுக்குள் போகின்றன. மோசடியைத் தடுக்கிறோம் என்ற சாக்கில் அந்தப் பூட்டை உடைத்து, நம் சங்கச் செய்தியையும் குடும்பச் செய்தியையும் கம்பெனியோ போலீசோ படிக்கிற ஏற்பாடு வந்தால் முதலில் எதிர்க்கிறவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். திருடனைப் பிடிக்கிறேன் என்று வந்தவன் பெட்டியைக் குடைவதை ஆஸ்பெஸ்டாஸ் வீட்டில் குடியிருக்கிற நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

விளம்பரம் வேறு. அது பொதுவில் போடுவது, காசு வாங்கிக்கொண்டு போடுவது. அதைப் படிக்காமல் போட்டேன் என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. படிக்கிற கண்ணை வைத்திருப்பதாக அவர்களே பறைசாற்றியிருக்கிறார்கள். காசு வாங்கிப் போட்ட விளம்பரத்தால் ஒருவர் பணம் இழந்தால் போட்டவன் ஈடு கட்ட வேண்டும்.

வங்கிகளைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியின் தவறும் வாடிக்கையாளர் தவறும் இல்லாமல் வெளியாள் பணத்தை எடுத்துவிட்டால், மூன்று வேலை நாளுக்குள் புகார் செய்தால் நஷ்டம் வாடிக்கையாளருக்கு இல்லை என்றது. ஆனால் ஏமாந்து நாமே ரகசிய எண்ணைக் கொடுத்துவிட்டால், புகார் செய்கிற வரைக்குமான நஷ்டம் நம் தலையில் என்றும் அதிலேயே இருந்தது. ஏமாற்றப்பட்டவனை அலட்சியக்காரன் என்று எழுதிய இந்த எண்ணத்தைத்தான் மாற்ற வேண்டும் என்கிறோம். மாதம் பன்னிரண்டாயிரம் சம்பாதிக்கிற ஒருத்தி முன்பின் தெரியாத கணக்குக்கு ஒரே மூச்சில் 18,500 அனுப்புகிறாள் என்றால், அந்த இடத்தில் யந்திரம் சில மணி நேரம் நிறுத்தி வைத்துத் தமிழில் ஒரு கேள்வி கேட்கட்டுமே! மத்திய அரசின் 1930 என்ற நம்பரில் எந்த மாநிலத்திலிருந்து கூப்பிட்டாலும் தமிழில் பேச ஆள் வேண்டும். பணம் போன முதல் ஒரு மணி நேரம்தான் அதை மீட்கிற நேரம். அந்த ஒரு மணி நேரத்தை மொழிபெயர்ப்பிலேயே கழித்தால் என்ன மிஞ்சும்?

இந்தக் கோரிக்கைகளை எழுதி, கையெழுத்து வாங்கி, நம் தொகுதி எம்.பி.க்கும் தொலைத்தொடர்புத் துறைக்கும் கொடுக்கச் செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கைநாட்டு வைக்கலாம். அதற்கும் அதே மதிப்புத்தான்.

அதுவரைக்கும் சும்மா இருக்க முடியாது. இந்த மாதம் முதல் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்திலிருந்து ஒரு மணி வரை சங்கத்தில் 'படம் பார்க்கிற பெஞ்சு' போடுகிறோம். ரயில்வேக்காரர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர், லேப்டாப் தம்பி, மூவரும் இருப்பார்கள். சந்தேகமான படம், கடிதம், லிங்க் எது வந்தாலும் அழிக்காமல் கொண்டுவாருங்கள். லிங்க்கைத் தொடாதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் ஞாயிறு வரை காத்திருக்க வேண்டாம். அந்த நிமிஷமே 1930-ஐக் கூப்பிட்டுவிட்டு எங்களுக்குச் சொல்லுங்கள், ராத்திரியானாலும் வருவோம். பணம் இன்னும் போகவில்லை, வந்த செய்திதான் சந்தேகம் என்றால், சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் புகார் எழுத உதவுவோம். கொண்டுவருகிற படங்களைப் பெயர், நம்பர் மறைத்து, உங்கள் சம்மதத்தோடு சேர்த்து வைக்கிறோம். தமிழ்ப் படங்கள் கிடைக்கவில்லை, அதனால் யந்திரத்துக்குத் தமிழ் பழக்க முடியவில்லை என்று நாளைக்கு ஒருவர் சொன்னால் மேஜை மேல் கொட்டிக் காட்டலாம் அல்லவா!

அந்த அம்மா போன ஞாயிறு மறுபடி வந்தார். காதில் தோடு இருந்தது. கூட இரண்டு பெண்களை அழைத்துவந்திருந்தார். அவர்களில் ஒருத்திக்கு, இன்று ராத்திரி ஒன்பதரைக்கு கரண்டு கட் என்று ஒரு படம் வந்திருக்கிறது. நரேலாவில் அவள் இருப்பது வாடகை அறை; மீட்டர் வீட்டுக்காரன் பெயரில். பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.